ஐயாயிரம் என்ற வேலி

இதற்குமேல் இல்லை, இருக்கவும் முடியாது! உலக வரலாற்றில் எத்தனை முறை ஒலித்த தீர்ப்பு இது! மடமை மட்டுமா இப்படிப் பேசிற்று? இல்லை, சில வேளைகளில் மேதைமையும் பேசிற்று. பட்டமும் புகழும் பெற்ற பேரறிஞர்களே வேலியொன்று நட்டு, அதற்கப்பால் இயற்கை அடியெடுத்து வைக்கலாகாது என்று கூறிய கதை இது. நடந்த இடம் அரண்மனையன்று; வேதியியல் ஆய்வுக்கூடம்.

1920ஆம் ஆண்டு. சூரிச் நகரின் தொழில்நுட்பப் பெருங்கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஹெர்மன் ஸ்டௌடிங்கர், ரப்பர் போன்ற பொருள்களைப் பற்றிப் புதுக்கருத்து ஒன்றை வெளியிட்டார். சின்னஞ்சிறு மூலக்கூறுகள் ஏதோ ஓர் ஈர்ப்பினால் ஒட்டிக் கிடக்கும் கும்பலே ரப்பர் என்பது அந்நாளைய கொள்கை. அவரோ, கும்பலன்று, சங்கிலி என்றார். சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில், உறுதியான வேதிப் பிணைப்பால் கைகோத்து நிற்கும் ஒரே நெடுஞ்சங்கிலி! பாலிமர் என்று இன்று கடைவீதியும் அறிந்திருக்கும் பலபடியின் உண்மை உருவம் அதுதான்.

ஏற்றார்களா? எள்ளினார்கள். படிகத்தின் அடிப்படைக் கூறு சிறியது, அதைவிடப் பெரிதாக மூலக்கூறு எப்படி இருக்கும் என்று மடக்கினர் சிலர். 1927ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற ஹைன்ரிஷ் வீலண்ட், பெருமூலக்கூறு என்ற எண்ணத்தையே கைவிடுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். மூலக்கூறு எடை 5,000க்கு மேற்பட்ட கரிமப்பொருள் இல்லை என்பது அவர் முடிபு. அதுதான் வேலி!

ஸ்டௌடிங்கர் வாதத்தோடு நின்றாரில்லை; சோதனையைச் சாட்சிக்கு அழைத்தார். 1922இல் ரப்பரோடு ஹைட்ரஜனைச் சேர்த்தார். இரட்டைப் பிணைப்பின் எஞ்சிய ஈர்ப்பே சிறு மூலக்கூறுகளை ஒட்டவைக்கிறது என்றால், ஹைட்ரஜன் ஏறியதும் அந்த ஈர்ப்பு ஒழிய வேண்டும்; ரப்பர் சிதறிக் காய்ச்சி வடிக்கத்தக்க எளிய பொருளாக வேண்டும். ஆகவில்லை! ரப்பரின் கூழ்மத் தன்மை அப்படியே நின்றது. பெயர்கள் பேசியதைப் பொருள் மறுத்தது. 1953இல், தம் 72ஆம் வயதில், அவரைத் தேடி வந்தது நோபல் பரிசு.

சங்கிலி வென்றது. அடுத்த கேள்வி பிறந்தது: சங்கிலிதானா? மரம் ஆகாதா?

1978இல் பான் நகரில் ஃபிரிட்ஸ் ஃபோக்ட்லே, கிளைமேல் கிளையாக மூலக்கூறை வளர்க்கும் வழியைக் காட்டினார். 1985இல் அமெரிக்காவில் டொனால்டு டோமாலியாவும் ஜார்ஜ் நியூகோமும் தனித்தனியே அம்முறையை விரித்தனர். ஒரு கிளை இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். கிரேக்க மொழியில் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து டென்ட்ரிமர் என்ற பெயர் எழுந்தது. வேரிலிருந்து நுனிக்குச் சென்ற இந்த வேலையை 1990இல் ஹாக்கரும் ஃபிரெஷேயும் தலைகீழாக்கினர். நுனிக் கிளைகளை முதலில் செய்து, இறுதியில் நடுவே இணைத்தனர். ஒவ்வொரு படியிலும் சில பிணைப்புகளே நிகழ்வதால் பிழை குறைந்தது.

ஆனால் மென்மையான கிளை மடங்கும். நுனி உட்புறம் சாயும். வடிவம் நிலைக்க வேண்டுமானால் கிளை வளையாதிருக்க வேண்டும். மைன்ஸ் நகரில் கிளவுஸ் முய்லன் குழுவினர், பென்சீன் வளையத்தோடு பென்சீன் வளையத்தை நேரே பிணைத்து, விறைத்த மரங்களை 1997இல் படைத்தளித்தனர். வெப்பம் தாங்கும், உருக்குலையாது, உள்ளே இடைவெளிகள் நிலைத்திருக்கும். விறைப்பான பொருள் கரையாது என்பார்களே? இவை கரைந்தன! வளையங்கள் ஒன்றுக்கொன்று திருகி நிற்பதால், தட்டுகளைப் போல் அடுக்கி இறுகிவிட இடமில்லை.

இனி, மணிக்கொரு மரம் தாங்கிய சங்கிலியை எண்ணிப் பாருங்கள். மரத்தோடு கூடிய மணிகளையே கோத்தால், ஒவ்வொரு மணியிலும் மரம் முழுமையாக இருக்கும். ஆனால் மரம் பருக்கப் பருக்க நெரிசல் மிகுந்து சங்கிலி நீள மறுக்கும். சங்கிலியை முதலில் செய்து மரத்தைப் பிறகு வளர்த்தால் நீளம் கிட்டும். ஆனால் சில கிளைகள் விடுபடக்கூடும். எவ்வழியில் செய்யினும் பண்பு ஒன்று: நெருக்கம் தாளாமல் நடுத்தண்டு நிமிர்கிறது. நூலாய்ச் சுருண்டு கிடக்க வேண்டியது கோலாய் நிற்கிறது!

2011ஆம் ஆண்டில் டீட்டர் ஷ்லூட்டர் குழுவினர் இவ்வகைப் பெருஞ்சங்கிலி ஒன்றை அறிவித்தனர். மணிகளில் சிறு மரத்தை வைத்துக் கோத்து, பின்னர் ஐந்தாம் தலைமுறை வரை கிளை வளர்த்தனர். தடிப்பு ஏறத்தாழ 10 நானோமீட்டர். புகையிலைத் தேமல் நோய் தரும் நச்சுயிரியோடு உருவில் ஒப்பிடத்தக்கது. மூலக்கூறு எடை ஏறத்தாழ 20 கோடி. வீலண்ட் நட்ட வேலியைப்போல் 40,000 மடங்கு!

எங்கே நடந்தது தெரியுமா? சூரிச்சில், ஸ்டௌடிங்கர் பாடம் சொன்ன அதே பெருங்கல்லூரியில்!

வீலண்ட் அறிவிலி அல்லர், மாபெரும் வேதியியலாளர். அதனாலன்றோ இக்கதை நமக்கு வேண்டியிருக்கிறது! மூடன் போட்ட வேலியை எவரும் தாண்டுவர். மதிப்புக்குரியவர் போட்ட வேலியின் முன்னே நின்று, வணங்கிவிட்டுத் திரும்பாமல், மெய்தானா என்று அளந்து பார்ப்பதற்கே துணிவு வேண்டும். அத்துணிவு கூச்சலிடுவதில்லை, குடுவையை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் செல்கிறது. ஆண்டுகள் பல கழித்து, கையில் சான்றோடு வெளியே வருகிறது.