ஆயா வீட்டு முகவரி: குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் ‘வழக்கமான வசிப்பிடம்’

நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான இந்தியச் சட்ட ஆணையம் 2015 மே மாதம் அளித்த 257ஆம் அறிக்கை, காப்பாளர் சட்டத்தின் வரலாற்றைத் தந்தையின் மேலுரிமையிலிருந்து குழந்தையின் நலனை நோக்கி நகரும், இன்னும் முடியாத பயணமாக வாசிக்கிறது. தாத்தா பாட்டிக்கும் அதில் இடம் உண்டு. பேரப்பிள்ளையோடு கழிக்க அவர்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்கிறது. பிரிந்துபோன தாயும் தகப்பனும்தான் ஆணையத்தின் மனத்தில் இருந்தார்கள். பெரியவர்கள் வெளியிலிருந்து வந்து பார்த்துப் போகிறவர்கள்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. வடசென்னையில், ராயபுரத்திலும் காசிமேட்டிலும் ஆயாவே, அதாவது பாட்டியே, வளர்க்கிற பிள்ளைகள் எத்தனையோ. தாய் இறந்த வீட்டில் குழந்தை ஆயாவிடமே தங்கிவிடுகிறது. அங்கே வந்து பார்த்துப் போகிறவர் தகப்பன். அந்த ஆயாவுக்கு யார் நேரம் ஒதுக்குவது? ‘உரிமையா, நலனா’ என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டதால், சட்டத்துக்குள் அவர் நுழைந்த வாசலை ஆணையம் கவனிக்கவில்லை.

அந்த வாசல் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர், காப்புக்குரியோர் சட்டத்தின் 9ஆம் பிரிவு. குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ, அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். அன்னி பெசன்டின் பொறுப்பில் விட்ட தன் இரு மகன்களையும் திரும்பக் கேட்டு, அவருக்கு எதிராக நாராயணையா 1912இல் தொடுத்த வழக்கை எல்லாரும் மேற்கோள் காட்டுவது, தகப்பன் தன் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் திரும்பப் பெறலாம் என்ற கருத்துக்காக. ஆனால் 1914இல் பிரிவி கவுன்சில் நாராயணையாவுக்குச் சாதகமான தீர்ப்பை ரத்துசெய்ததற்கு வேறு காரணமும் உண்டு. வழக்கு தொடங்கியது செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில்; மகன்கள் கிருஷ்ணமூர்த்தியும் நித்யானந்தமும் இருந்ததோ இங்கிலாந்தில். அவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வழக்கமாக வசிப்பவர்கள் அல்லர் என்றது கவுன்சில். தகப்பன் அங்கே இருக்கிறார் என்பது போதவில்லை.

பெசன்ட் யாருக்கும் ஆயா அல்ல. பெசன்ட் இருந்த அடையாற்றை வைத்துக் காசிமேட்டைப் பேசலாமா என்று கேட்கலாம். பேசலாம் என்றே சொல்வேன். பிள்ளையை வைத்திருப்பவர் யார் என்று 9ஆம் பிரிவு கேட்பதில்லை. பிள்ளை எங்கே என்றுதான் கேட்கிறது. ஆயாவை அங்கீகரிப்பதற்கு முன்பே அவர் வீட்டை அங்கீகரித்துவிட்டது சட்டம்.

வடசென்னையில் இதன் விளைவு கூர்மையானது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்துக்கே அந்த நீதிமன்றத்தைக் கட்டாயமாக்கியது. ராயபுரம் சென்னை நகருக்குள் இருந்தது. அதே கடற்கரையில் சற்று வடக்கே திருவொற்றியூரும் எண்ணூரும் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். 1997க்குப் பின் திருவள்ளூர் மாவட்டம். தகப்பன் ராயபுரம், ஆயா திருவொற்றியூர் என்றால், பிள்ளை படுத்துறங்கும் வீடு நீதிமன்றத்தையே மாற்றியது. இந்த எல்லைக்கோடு அழிந்த ஆண்டை ஒன்றாகச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. திருவொற்றியூர் நகராட்சியும், எண்ணூர் அடங்கிய கத்திவாக்கம் நகராட்சியும் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. சென்னை வருவாய் மாவட்ட எல்லை விரிந்தது 2018இல். மாநகராட்சி எல்லை, வருவாய் எல்லை, நீதிமன்ற எல்லை மூன்றும் ஒரே நாளில் நகர்வதில்லை.

வாசல் தாண்டிய பின் நடந்ததும் நேர்கோடு அல்ல. தாயில்லாப் பெண்குழந்தையை 2009இல் தாய்வழிப் பாட்டியிடமே விட்டது உச்ச நீதிமன்றம். 2010இல் இன்னொரு குழந்தையை 12 வயதுவரை தாய்வழித் தாத்தாவிடம் இருக்கச் செய்தது. 2019இல், தாயை இழந்த குழந்தையைச் சித்தி, பெரியம்மாக்களிடமிருந்து தகப்பனிடம் சேர்த்தது. 2022இல், கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவன் தகப்பன்வழித் தாத்தா பாட்டியிடம் போனான். அவர்கள் முதுமையை முன்னிட்டுச் சித்தியிடம் விடலாம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அதனால்தான் தீர்ப்புகளைவிட, முகவரியைக் காட்டும் தாள்களைத் தேடிப் படிக்க விரும்புகிறேன்: ஆயாவின் ரேஷன் கார்டில் ஏறிய பெயர், அங்கன்வாடிப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் காப்பாளர் என்ற இடத்தில் ஆயா வைத்த கைநாட்டு.