கூலிங் கிளாஸ் எதைத் தடுக்கிறது?

மார்கழி மாதக் காலையில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஸ்கூட்டரிலோ காரிலோ போயிருக்கிறீர்களா? சாலை தெற்கு நோக்கிச் செல்கிறது. அந்த மாதத்தில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை; தென்கிழக்கே தள்ளி உதித்து, இடப்பக்க முன்புறத்திலிருந்து கண்ணைக் குத்தும். எதிரே வரும் பஸ் வெறும் நிழலாகத்தான் தெரியும். இதற்கு நாம் தேடும் பரிகாரம் கூலிங் கிளாஸ். (அரசியலில் எதிரெதிரே நின்ற எம்.ஜி.ஆரும் கருணாநிதியும் கறுப்புக் கண்ணாடியில் மட்டும் ஒன்றுபட்டிருந்தார்கள்!)

பெயரில் உள்ள குளிர்ச்சியை நம்பலாமா? தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லைத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்யும் தொழில் முன்பு பேர்பெற்றிருந்தது. படிகக் கல் வெப்பத்தைக் கண்ணாடியைவிட வேகமாகக் கடத்தும். அதனால் தொட்டால் சில்லென்றிருக்கும். ஆனால் அதே கல் புற ஊதாக் கதிர்களைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும். சாதாரணக் கண்ணாடியோ அவற்றுள் கடுமையானவற்றைத் தடுத்துவிடும். கைக்குக் குளிர்ச்சியாக இருப்பது கண்ணுக்குக் காவலாகிவிடாது.

நீங்கள் போகும் வழியிலிருந்து சற்று விலகினால் பரங்கிப்பேட்டை. அங்கே 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை நடத்தினார். உலையிலிருந்து வரும் கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்களைத் தடுக்கவென்று ஆராய்ந்து செய்த கண்ணாடி அன்று கிடையாது. இங்கிலாந்தில் கண்ணாடி உலைத் தொழிலாளர்களுக்குக் கண்புரை வருவதைக் கண்டு, வில்லியம் குரூக்ஸ் முந்நூறுக்கும் மேற்பட்ட கலவைகளை உருக்கிச் சோதித்து, 1913-இல் முடிவுகளை அறிவித்தார். நிறம் எவ்வளவு கருமை என்பதைவிட எந்தக் கதிரைத் தடுக்கிறது என்பதே முக்கியம் என்பதை அந்தச் சோதனைகள் காட்டின.

மேலே கருமையாகவும் கீழே தெளிவாகவும் உள்ள கண்ணாடி விமானிகளுக்காக வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பாஷ் அண்டு லோம் கம்பெனி வில்லையின் மேற்பாதிக்கு மட்டும் பூச்சிட்டது. வானத்தின் ஒளி குறையும். கீழே உள்ள கருவிகளின் முள் தெளிவாகத் தெரியும். காரோட்டிக்கும் இதே தேவைதான். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னொரு லாபம்: படிக்கும் பகுதி தெளிவான கீழ்ப்பாதியில் அமைந்துவிடுகிறது.

பவர் உள்ள கண்ணாடியில் ஒரு சிக்கல் இருந்தது. கிட்டப்பார்வை வில்லை ஓரத்தில் தடிப்பு, நடுவில் மெலிவு. கண்ணாடியிலேயே நிறத்தைக் கலந்தால் ஓரம் இருண்டும் நடு வெளுத்தும் போகும். 1940-களில் வந்த பிளாஸ்டிக் வில்லைகள் இதைத் தீர்த்தன. வில்லையைத் தலைகீழாகச் சூடான சாயத்தில் தோய்த்து மெல்ல மெல்ல மேலே இழுப்பார்கள். அதிக நேரம் மூழ்கியிருந்த பக்கம் அதிகக் கருமை பெறும். சாயம் மேற்பரப்பில் மட்டுமே ஊறுவதால் தடிப்பு ஒரு பொருட்டல்ல.

ஆனால் மழை விட்டபின் ஈரத் தார்ச்சாலையும், பாலத்தின் கீழே வெள்ளாறும் பளபளப்பது கீழேயிருந்தல்லவா? அங்கே இந்தக் கண்ணாடியின் தெளிவான பாதி கைகொடுக்காது. 1921-இல் நார்குண்டா கப்பலில் திரும்பிய சி.வி. ராமன் மத்தியதரைக் கடலை நிக்கல் பட்டகம் வழியே பார்த்தார். மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. பட்டகம் அதை விலக்கியதும் கடலின் சொந்த நீலம் தெரிந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து எட்வின் லேண்ட் அதே வேலையைச் செய்யும் மெல்லிய தகட்டுக்குக் காப்புரிமை கோரினார். இன்று போலரைஸ்டு என்று விற்கப்படுவது அதன் வழிவந்தது. அதன் வழியே காரின் சில மின்னணுத் திரைகள் இருண்டு தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது புற ஊதாத் தடுப்பு. அது இல்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிந்து, அந்தக் கதிர்களுக்கு வழி அகலக்கூடும். நான்காம் வகைக் கருமை வாகனம் ஓட்ட உதவாது. வெயிலில் தானே கறுக்கும் வில்லை காருக்குள் சரியாகக் கறுப்பதில்லை. முன்கண்ணாடியே புற ஊதாவைப் பெருமளவு வடிகட்டிவிடுகிறது. இருட்டியபின் எதுவும் வேண்டாம். மேலே மட்டும் கறுத்ததையும் கழற்றிவிடுங்கள்.

போலரைஸ்டு என்று ஒன்றைக் காட்டினால், வாசலுக்கு எடுத்துவந்து, ஈரத் தரையையோ நிற்கும் காரின் மேற்பரப்பையோ சாய்வாகப் பார்த்தபடி கையில் மெதுவாகத் திருப்புங்கள். பளபளப்பு மங்கி மீண்டும் பிரகாசித்தால் கடைக்காரர் சொன்னது உண்மை.