ஒண்டாச்சி: ஒரு குடிப்பெயரின் தமிழ் மூலமும் ஒல்லாந்த வடிவமும்

குடிப்பெயரை மட்டும் கொண்டு இலங்கைப் பறங்கியரின் மூதாதையர் நாட்டை முடிவுசெய்ய இயலாது என்பதற்கு ஒண்டாச்சி குடும்பம் தக்க சான்றாகும். இப்பெயரின் ஒல்லாந்த எழுத்துவடிவம் ‘த்யெ’ என முடிகிறது. அம்மொழியின் சிறுமைப்பொருள் விகுதியை அது ஒத்திருப்பதால் பெயரே ஒல்லாந்தப் பெயர்போலத் தோன்றுகிறது. ஆயின், குடிமுதல்வர் தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த தமிழ் மருத்துவர் என்றும், பெயர் தமிழ்ப்பெயரொன்றின் ஒல்லாந்த ஒலிபெயர்ப்பு என்றும் குடும்ப மரபு கூறும்.

மைக்கேல் ஒண்டாச்சி தம் நினைவுநூலில் (1982) முன்னோரின் வருகையை 1600 எனக் குறிக்கிறார். ஆளுநரின் மகளுக்கு நோய் தீர்த்தமைக்காக நிலமும் அயல்நாட்டு மனைவியும் பெற்றார் என்பது கதை. கதை சுவையானதே, காலம் பொருந்தவில்லை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியதே 1602இல். கொழும்பு அதன் வசமானது 1656இல். குடிவழிப் பட்டியல்கள் தரும் 1659 என்பதே ஏற்கத்தக்கது.

இக்குடியில் 1758இல் கொழும்பில் பிறந்த குயின்ட் ஒண்டாச்சி, உத்ரெக்ட் நகரில் தேசாபிமானிகள் இயக்கத்தின் முன்னணித் தலைவரானார். 1908இல் அமைந்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமோ தந்தைவழி ஐரோப்பிய மரபையே உறுப்புரிமைக்கு முதன்மை அளவையாகக் கொண்டது. அவ்வளவையை எழுத்துப்படி கொள்ளின், தமிழ்க் குடிமுதல்வரின் தந்தைவழியினர் அனைவரும் அதற்குப் புறம்பாவர்; ஒல்லாந்தின் அரசியலையே அசைத்த குயின்ட்டும் அவர்களுள் ஒருவர்.