தோளுக்குத் தோதான துப்பாக்கி

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பெருமுக்கல் மலை. உச்சியில் சிவன் கோயிலும், இடிந்துபோன கோட்டையின் மிச்சமும் உண்டு. ஆங்கிலேயர் ஆவணங்களில் இதன் பெயர் ‘பெர்மாகோயில்’. 1760-ல் அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த கோட்டை இதுதான். இந்தக் கதையை அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அந்தத் துப்பாக்கியால ஒரு முயலச் சுட முடியுமா தம்பி?”

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் கேள்வி விடவில்லை.

அந்தக் காலத்துக் கும்பினிப் படையின் ‘பிரவுன் பெஸ்’ வகைத் துப்பாக்கி ஏறக்குறைய நாலரை கிலோ. குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்க வேண்டும். குட்டையோ நெட்டையோ, எல்லாருக்கும் ஒரே அளவுதான். நூறு பேர் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டால் யாராவது ஒருவரின் குண்டு எதிரியைத் தாக்கும். அதற்கு அளவு பார்க்க வேண்டியதில்லை. வேட்டைக்காரன் தனி ஆள். துப்பாக்கி அவன் உடம்போடு ஒட்டணும்.

‘ஒட்டணும்’ என்றால் என்ன? பழைய வேட்டைக்காரர்களிடம் எளிய சோதனை உண்டு. தோட்டா இல்லாத துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் வைக்க வேண்டும். கண்ணைத் திறந்ததும் குழல் நுனியிலுள்ள குறிமுள் நேரே தெரிய வேண்டும். கழுத்தை வளைத்துத் தேடினால் கட்டை நமக்குப் பொருந்தவில்லை. விசையிலிருந்து கட்டையின் கடைசிவரை உள்ள நீளம் பெரும்பாலும் 13½ அங்குலத்தை ஒட்டி இருக்கும். கை குட்டையானவருக்குக் குறைக்கணும், நீண்டவருக்குக் கூட்டணும். அடுத்தது எடைச் சமநிலை. பாரம் இரண்டு கைகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். முன்பாரம் அதிகமானால் தூக்குவதற்குள் கை தளரும். ரொம்பக் குறைந்தால் முனை நிலைகொள்ளாமல் ஆடும்.

இதற்கெல்லாம் வசதியாக வந்தது போல்ட் இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைஃபிள். ஜெர்மனியின் மௌசர் 1898-ல் கொண்டுவந்த அமைப்பை வைத்து, லண்டன் ரிக்பி கம்பெனி லேசான வேட்டை ரைஃபிள்கள் செய்தது. அதில் ஒன்று ஜிம் கார்பெட் கைக்கு வந்த கதை, பெரியவரின் கேள்விக்கு நான் கண்ட பதில்.

1907-ல் குமாவூன் மலையில் 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை கார்பெட் விரட்டினார். கையில் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்ததும் ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கினார். சில அடி தூரத்தில் புலி. தூக்கிய பிறகுதான் பார்க்கிறார், குழலுக்கும் பின்பகுதிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி! திறந்த வாய்க்குக் குறிவைத்தார். குண்டு பட்டது முன்னங்காலில். முன்பே பட்ட காயங்களால் புலி செத்தது. இவர் பிழைத்தார்.

அந்த வேட்டைக்காக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் பரிசளித்ததுதான் .275 ரிக்பி. வெள்ளித் தகடு பதித்த கட்டை. இந்த வகை சுமார் மூன்றரை கிலோ. பெரிய இரட்டைக்குழல் ரைஃபிள்கள் ஐந்து கிலோவை நெருங்கும்.

இந்த எடை வித்தியாசம் உயிர் காக்குமா? 1930 ஏப்ரல் 11-ல் நடந்ததைப் பாருங்கள். சௌகர் ஆட்கொல்லியைத் தேடிப்போன கார்பெட், இடது கையில் பறவை முட்டைகளை வைத்திருந்தார். ஒரு பாறையைக் கடந்து திரும்பினால், எட்டடியில் புலி. வலது கையில் மார்புக்குக் குறுக்கே ரைஃபிள். முனையோ வேறு பக்கம். அசைவு தெரியாதபடி, ஒற்றைக் கையாலேயே முக்கால் வட்டம் மெல்லத் திருப்பிச் சுட்டார். கனமான ரைஃபிளாக இருந்திருந்தால் அப்படித் திருப்பியிருக்கவே முடியாது என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியருக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. புல் அறுக்கப்போய்ச் செத்தவர்கள் மலைக்கிராமத்துப் பெண்கள். அந்த ஊர்களில் துப்பாக்கி கிடைத்தாலும் அது பழையதாகவோ ஓட்டையாகவோதான் இருந்தது. தாசில்தாருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்கள்? கார்பெட்டின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. தோளுக்குத் தோதான துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, புலிக்கு இரையானவர்களிடம் இல்லை என்கிறேன்.

கார்பெட்டின் ரிக்பி 2015-ல் செய்த கம்பெனிக்கே திரும்பிவிட்டது. இங்கே 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை பழங்கதை. அடுத்த முறை பெருமுக்கல் போனால் பெரியவரிடம் சொல்லணும்: “கோட்டையைப் பிடிச்ச துப்பாக்கிக்கு முயல் சிக்குறது கஷ்டம்தான் ஐயா. அது யாரோட தோளுக்கும் அளவெடுத்துச் செஞ்சதில்ல.”