குப்பைத்தொட்டியில் கிடைத்த ஆம்ப்

போன மாசம் வீட்டில் ஒரு குட்டி கிட்டார் ஆம்ப்ளிஃபயர் செய்தேன். மகள் கிட்டார் கற்றுக்கொள்கிறாள், மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போக ஒன்று வேண்டும் என்றாள். நான் படித்தது இசிஇ, பிழைப்பது மென்பொருளில். சால்டரிங் அயர்ன் தொட்டு இருபது வருஷம் ஆகியிருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் போய் எல்எம்386 என்ற எட்டுக்கால் ஐசி, நாலைந்து கெபாசிட்டர், 3 இன்ச் ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி வாங்கி வந்தேன். முதல் தடவையே வேலை செய்தது. சத்தம்தான் தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டின மாதிரி!

ஏன் இப்படி என்று தேடப் போய்த்தான் டீக்கி ஆம்ப்பின் கதையில் போய் விழுந்தேன்.

குயீன் இசைக்குழு தெரிந்திருக்கும். அதன் கிட்டார் கலைஞர் பிரையன் மே, பேஸ் கிட்டார் ஜான் டீக்கன். மேயின் கிட்டாரே வீட்டில் செய்ததுதான். 1963-ல் அப்பாவும் பிள்ளையுமாக ஆரம்பித்து, பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்தைச் செதுக்கிக் கழுத்தாக்கி, மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங் போட்டுச் செய்த 'ரெட் ஸ்பெஷல்'. அதைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். கூடவே இருந்த அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றித் தமிழில் நான் எதுவும் படித்ததில்லை.

டீக்கன் லண்டன் செல்சி கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்து 1971-ல் முதல் வகுப்பில் தேறியவர். 1972 வாக்கில், லண்டன் தெருவோரம் கிடந்த பெரிய குப்பைத்தொட்டி ஒன்றில் ஒயர் தொங்கிக்கொண்டிருந்த சர்க்யூட் போர்டு அவர் கண்ணில் பட்டது. எடுத்துக்கொண்டு வந்தார். புத்தக அலமாரியில் வைக்கிற சைஸ் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுக்குள் அதைப் பொருத்தினார். மின்சாரத்துக்கு பிபி9 என்கிற 9 வோல்ட் பேட்டரி. நாம் இன்று பார்க்கிற சின்னச் சதுர பேட்டரி இல்லை, அதைப்போலப் பல மடங்கு பெரியது. வால்யூம் குமிழ் கிடையாது, டோன் குமிழும் கிடையாது. வீட்டில் வாசித்துப் பழக ஒரு ஆம்ப், அவ்வளவுதான் நோக்கம்.

மே மேடையில் வாசித்தது வாக்ஸ் ஏசி30-களில். ஒவ்வொன்றும் 30 வாட். அவற்றை வரிசையாக அடுக்கி வைத்து வாசித்தவர், ஸ்டூடியோவில் இந்தச் சின்னப் பெட்டியிடம் வந்தார். கிட்டாருக்கும் இதற்கும் நடுவே ஒரு ட்ரெபிள் பூஸ்டர் போட்டதும், வந்த ஒலி கிட்டார் மாதிரியே இல்லை. செல்லோ, டிராம்போன், கிளாரினெட் என்று எதை நினைத்தாலும் வந்தது. 1975-ல் வந்த 'எ நைட் அட் தி ஆப்ரா' ஆல்பத்தில் 'குட் கம்பெனி' என்ற பாட்டைக் கேளுங்கள். அந்தக் கால ஜாஸ் பேண்டு ஒன்று வாசிக்கிற மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே ஆள், ஒரே கிட்டார், பகுதி பகுதியாகப் பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. சிந்தசைசர் இல்லை என்று உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

ஒரு பழைய போர்டுக்கு இது எப்படி முடிந்தது?

என் எல்எம்386-ல் 1-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் போட்டால் பெருக்கம் 20-லிருந்து 200 ஆகும். கிட்டாரிலிருந்து 0.1 வோல்ட் வருகிறது என்று வையுங்கள். 200 மடங்கு என்றால் 20 வோல்ட். பேட்டரியிடம் இருப்பதோ 9. மீதிக்கு எங்கே போவது? அலையின் தலையும் காலும் கத்தியால் வெட்டின மாதிரி தட்டையாகிவிடும். அந்தக் கரகரப்புதான் எனக்குக் கேட்டது. டீக்கனின் போர்டில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், கூடவே சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள். சிலிக்கான் விழித்துக்கொள்ள 0.6 வோல்ட் வேண்டும். ஜெர்மானியத்துக்கு 0.2, 0.3 போதும். திணறும்போதும் அது சட்டென்று வெட்டாமல் மெதுவாக வளைந்துகொடுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்கு மேலேயும் கீழேயும் கொஞ்சம் தின்றுவிடும். மிச்சம் இருப்பது மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வருகிற நடு ஒலி. (சூடு ஏறினால் ஜெர்மானியத்தின் குணம் மாறிவிடும். இது நடந்தது லண்டனில், சென்னை மே மாசத்தில் இல்லை என்பதும் ஒரு அதிர்ஷ்டம்.)

இந்தக் கதையைச் சொல்பவர்கள் 'குப்பையில் கிடைத்த அதிசயம்' என்றுதான் முடிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தத் தொட்டியைத் தாண்டி எத்தனையோ பேர் போயிருப்பார்கள். போர்டைப் பார்த்ததும் இது ஆம்ப்ளிஃபயர், உயிர் இருக்கும், 9 வோல்ட்டில் ஓடும் என்று கண்டுபிடிக்கப் படித்த கண் வேண்டும். அதைவிட முக்கியம், கிடைத்ததைச் சரிசெய்கிறேன் என்று அவர் கிளம்பவில்லை. நானாக இருந்தால் முதல் வேலையாக அந்தப் பழைய டிரான்சிஸ்டர்களைக் கழற்றிவிட்டு நல்ல சிலிக்கானாகப் போட்டிருப்பேன். பாட்டு போயிருக்கும்.

பின்னாளில் இதை நகலெடுக்க ஆசைப்பட்ட கிரெக் ஃப்ரையரும் நைஜல் நைட்டும் வருஷக்கணக்கில் மெனக்கெட்டார்கள். பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைத் தேட வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர்களை இதற்கென்றே சுற்ற வேண்டும். ஒருத்தர் தூக்கிப்போட்டதை அச்சு அசலாகத் திரும்பச் செய்ய அவ்வளவு பாடு!

என் பெட்டிக்கு வருகிறேன். டீக்கனைப் பார்த்து முதலில் மாற்றியது ஸ்பீக்கரை. அந்த 3 இன்ச்சை எடுத்துவிட்டு, பரணில் கிடந்த பழைய ஸ்டீரியோவின் மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்றோடு இணைத்தேன். ஐசி அதேதான், பேட்டரியும் அதேதான், ஆனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. அடுத்து 1, 8 கால்களுக்கு நடுவே இருந்த கெபாசிட்டரைக் கழற்றினேன். கடைசியாக, முன்னால் ஒரு ஃபெட் டிரான்சிஸ்டர். ஐசியின் உள்வாசல் 50 கிலோ ஓம்தான், கிட்டார் பிக்கப்புக்கு அது பெரிய சுமை, மேல் ஒலியெல்லாம் அமுங்கிவிடும். ஃபெட் நடுவில் நின்றால் அந்தச் சுமை இறங்கும்.

வண்டு போய்விட்டது. செல்லோ இன்னும் வரவில்லை.

மகள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வால்யூம் எங்கப்பா?"

"உன் கிட்டார்லயே இருக்கே" என்றேன்.