ஆர்.சி. புக்கில் இல்லாத உறுப்பு

மாமாவின் அம்பாசடர் 1971 மாடல். திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஜாயிண்ட் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டார் மெக்கானிக் அண்ணன். "நீ ஒரு வீலு, பையன் ஒரு வீலு. சேர்ந்து பத்து சுத்து சுத்துங்க தம்பி." வீல் பத்து சுற்ற, ஷாஃப்ட் நாற்பத்தொன்று சுற்றியது. "பழைய அம்பாசடர்னா இன்னும் கூட வரணுமே. இது இந்த வண்டியோட ஆக்சிலே இல்ல."

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரின் இந்திய வடிவம்தான் அம்பாசடர். 1950களின் இறுதியில் கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தொடங்கி, 2014 வரை வந்தது. பின்பக்கம் மாட்டுவண்டி மாதிரி எளிமை. இரண்டு பட்டை ஸ்பிரிங், அவற்றோடு யு-போல்ட் போட்டு இறுக்கிய ஒரே ஆக்சில். கழற்றி வேறொன்றை மாட்டுவது ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்புக்குப் பெரிய விஷயமில்லை.

ஆனால் ஏன் மாற்றினார்கள்? காரணம் டீசல் விலை. 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை வைத்து டாக்சி ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை. கம்பெனியே 1980 வாக்கில் டீசல் அம்பாசடரைக் கொண்டுவந்தது. புது வண்டிக்குக் காசில்லாதவர்கள் பழைய வண்டியிலேயே மெட்டடார் வேன் எஞ்சினை ஏற்றினார்கள்.

இங்கேதான் கணக்கு வருகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அம்பாசடரின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 480 முறை சுற்றும். ஆக்சில் விகிதம் ஐந்து என்று வைத்துக்கொண்டால், டாப் கியரில் எஞ்சின் 2,400 சுற்ற வேண்டும். நான்கு என்றால் 1,920 போதும். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும்; வேகமாகச் சுழற்றினால் அலறும். அதனால் எஞ்சினோடு ஆக்சிலும் மாறியது.

ஆனால் இது திண்டுக்கல். 300 மீட்டருக்கும் குறைவான சமவெளி. கொடைரோடு ஸ்டேஷனில் ஆள் ஏற்றினால் வத்தலக்குண்டு வழியாக 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானல். மலைக்குப் பெரிய விகிதம் வேண்டும், சமவெளிக்குச் சின்னது. ஆக்சில் ஒன்றுதான்.

போனில் மாமாவிடம் கேட்டேன். "1989ல மாத்துனது மாப்ள. மலையில ஒரு கியர் கொறச்சு ஏறிக்கலாம். கீழ மிச்சமான டீசல் காசுலதான் உங்கம்மா கல்யாணக் கடன அடச்சேன்."

வண்டியை விண்டேஜ் ஆகப் பதிய வேண்டும் என்பது என் ஆசை. ஜூலை 2021இல் வந்த மத்திய விதி, 50 வருடம் தாண்டிய வண்டிக்கு அதைத் தருகிறது. நிபந்தனை: சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. ஆக்சில் என்ற வார்த்தையே அதில் இல்லை. ஆர்.சி. புக்கிலும் எஞ்சின் நம்பர் உண்டு, சேஸிஸ் நம்பர் உண்டு. ஆக்சிலுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பிரிட்டனில் நெடுங்காலம் இருந்த மதிப்பெண் முறை இதற்கு நேரெதிர். மாற்றியமைத்த கார் பழைய நம்பரை வைத்துக்கொள்ள 8 மதிப்பெண் வேண்டும். சேஸிஸுக்கு 5, இரண்டு ஆக்சிலுக்கும் சேர்த்து 2, எஞ்சினுக்கு வெறும் 1.

ஒரு வண்டி எதனால் அதே வண்டியாக இருக்கிறது என்பதை நாடுகள் இப்படி வேறுவேறாகத்தான் முடிவு செய்திருக்கின்றன. 'ஒரிஜினல்' என்று நாம் சொல்வது தொழிற்சாலை வாசலைத் தாண்டிய முதல் நாளை மட்டும். இந்த வண்டி எங்கள் ஊரில் பிழைத்த வருடங்கள் அந்தச் சொல்லுக்குள் வருவதே இல்லை.

பழைய பெட்ரோல் எஞ்சின் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில், சாக்குக்கு அடியில் கிடக்கிறது. பழைய ஆக்சில் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டது. "தேடுனா வேறொண்ணு கெடைக்கும், மாத்திரலாமா?" என்றார் அண்ணன்.

சட்டம் கேட்பதால் எஞ்சின் மட்டும் திரும்பி வரும். ஆக்சிலை யாரும் கேட்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்றேன். ஏதாவது ராலியில் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற நேர்ந்தால், கொஞ்சம் முன்னாடியே கியரை இறக்க வேண்டியிருக்கும். இறக்கிக்கொள்கிறேன்.