பீலியும் வர்க்கமும்: கண்டித் தோட்டங்களின் நீர் வரலாறு

கண்டியை அடுத்த லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதைப் போற்றும் வரலாறுகள், லயத்து மக்கள் எங்கே நீர் மொண்டனர் என்பதைப் பேசுவதில்லை. மலையூற்று பீலிவழி இறங்கியது. தை, மாசியில் மழை குன்ற, அதுவும் நூலிழையாகும். கொழுந்துப் பணிக்கு முன்னும் பின்னும் குடத்துடன் காத்து நிற்றல் பெண்களின் கூலியற்ற உழைப்பாயிற்று. இதனை இயற்கையின் கொடுமை எனல் பொருந்தாது. கோப்பிக்கும் தேயிலைக்கும் காடழித்தது மூலதனம்; லயமும் குழாயும் அதன் உடைமை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தபின், நீர் கேட்கத் தொழிற்சங்கமே எஞ்சியது. 1976இல் பொல்கொல்ல அணை மகாவலி நீரை வறண்ட வலய வயல்களுக்குத் திருப்பியது. மலைச்சரிவு லயங்களிலோ பீலி வரிசை கலையவில்லை.